எந்த லிஃப்டை அனுப்புவது

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், தொம்மலூரில் ஒரு சிறிய கம்பெனியில் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். யாராவது பொத்தானை அழுத்தினால், இருக்கும் லிஃப்டுகளில் எதை அனுப்புவது என்று எங்கள் புரோகிராம் முடிவு செய்யும். அந்த முடிவு முழுவதும் ஒரே ஃபங்ஷனில், அதாவது ஒரே நீளமான கட்டளைத் தொகுப்பில் இருந்தது. அலுவலகமா, மருத்துவமனையா, காலையா, மாலையா என்று ‘இஃப்’புக்குள் ‘இஃப்’பாக நீண்டுகொண்டே போகும்.

ஸ்ட்ரெச்சர் ஏறிய லிஃப்ட் நடுவில் நிற்கக் கூடாது என்று ஒரு மருத்துவமனை கேட்டது. சில வரிகள் சேர்த்தேன். ஹெப்பகோடி லிஃப்ட் தொழிற்சாலையில், லிஃப்டுகளுக்குப் பதிலாக விளக்குகள் ஏறி இறங்கும் சோதனைப் பலகையில் ஓட்டிப் பார்த்தபோது மருத்துவமனை லிஃப்டுகள் சரியாக ஓடின. ஆனால் அதே வரிகளால் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுகள் எந்த மாடியிலும் நிற்காமல் போய்வந்தன.

திரும்பும் பஸ்ஸில் என்னோடு வேலை பார்த்த ஜோகுபாளையத்துப் பெண் கேட்டாள்: “ஆஸ்பத்திரியா ஆபீஸான்னு லிஃப்டுக்கு எதுக்குடி தெரியணும்? அது ஏறி இறங்கினா போதாதா? எங்க போணும்னு வேற யாராச்சும் சொல்லட்டுமே.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அந்த யாராச்சும்தான் ஒரு தனி கிளாஸ்,” என்றேன். கிளாஸ் என்றால் புரோகிராமுக்குள் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும் தனிப் பகுதி. இறங்கும்வரை இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தோம்.

“ஓடற புரோகிராமை எதுக்கும்மா பிரிக்கிறீங்க?” என்றார் மறுநாள் எங்கள் மேனேஜர். ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார்.

‘இந்த அழைப்புக்கு எந்த லிஃப்ட், அது எங்கே நிற்கலாம்?’ இதற்குப் பதில் சொல்வது மட்டுமே புதிய கிளாஸ்களின் வேலை. அலுவலகத்துக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. லிஃப்டை ஓட்டும் பகுதி, தன்னிடம் தரப்பட்ட கிளாஸைக் கேட்டுவிட்டு அதன்படி நடக்கும். உள்ளே என்ன கணக்கு என்று அதற்குத் தெரியாது.

மறுபடி ஹெப்பகோடி. பலகையில் விளக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, எதையும் நிறுத்தாமல், அலுவலக கிளாஸை எடுத்துவிட்டு மருத்துவமனை கிளாஸை வைத்தேன். ஸ்ட்ரெச்சர் பொத்தானை அவள் அழுத்தினாள். ஒரு விளக்கு மட்டும் எங்கும் நிற்காமல் நேராக மேலே போனது. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னொரு தடவை மாத்து,” என்றார் கூட வந்திருந்த மேனேஜர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. மாற்றினேன். அவரும் பொத்தான்களை அழுத்தத் தொடங்கினார்.

சில வாரம் கழித்து, எம்.ஜி. ரோட்டுப் புத்தகக் கடையில் புரோகிராம்களை அமைக்கும் முறைகள் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டியபோது, நாங்கள் செய்த அமைப்பே அதில் வரைபடமாக இருந்தது. பெயர் ‘ஸ்ட்ராடஜி’ என்று போட்டிருந்தது. நாங்கள் முதல் ஆட்கள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கடையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

“அதுக்குப் பேர்கூட வச்சிருக்காங்கடி,” என்றேன்.

“அப்போ நாம சரியாத்தான் பண்ணியிருக்கோம். எத்தனாவது பக்கம், சொல்லு. நானும் கடைக்கு வரேன்.”