ஏலக்காரர் வீட்டுக் கூச்ச மீன்கள்

மீன் சந்தையில் ஏலம் விடுவது அவர் தொழில். முப்பது வருஷம் ஐஸ் பெட்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் நின்று கத்திய குரல், வீட்டுக்கு வந்தாலும் இறங்க மறுத்தது. "உப்பு கொஞ்சம் கம்மி" என்று அவர் சொன்னால் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

ரத்த அழுத்தம் ஏறியபோது டாக்டர், "வீட்ல மீன் வளருங்க. தினம் அரைமணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தா மனசு அடங்கும்" என்றார்.

"விடிஞ்சதுல இருந்து மீனைத்தானே டாக்டர் பாக்கறேன்?"

"உயிரோட இருக்கறதப் பாருங்க."

மீன்தொட்டிக் கடைக்காரர் நான்கு சிக்லிட் மீன்கள் கொடுத்தார். தென் அமெரிக்க ஆற்று இனம். விலாவில் சாவித்துவாரம் போல ஒரு கறுப்புக் குறி. "சிக்லிட்னாலே சண்டைக்காரன்னு சொல்வாங்க. இது சாது. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்."

கொஞ்சமா? தொட்டியில் விட்டதும் நான்கும் மரக்கட்டைக்குப் பின்னால் போனவைதான். அவர் நாற்காலி போட்டு அரைமணி நேரம் மரக்கட்டையைப் பார்த்தார். அழுத்தம் இன்னும் ஏறியது.

"உங்க சத்தத்துக்கு எனக்கே ஒளிஞ்சுக்கத் தோணுது. அதுங்க என்ன பண்ணும்?" என்றாள் மனைவி. வீட்டிலேயே தையல் தைப்பவள்.

அது சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து வாசலில் செருப்போடு குரலையும் கழற்றி வைத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டினார்; மற்றதைக் காதோடு காதாகச் சொன்னார். ஒருநாள் வந்துபோன மைத்துனர் ரகசியமாகக் கேட்டார்: "அக்கா, மாமாவுக்குத் தொண்டையில ஆபரேஷனா?"

மூன்று மாதம் ஆயிற்று. தீனிக்குத் தலை நீட்டுவதோடு சரி, மீன்கள் வெளியே வரவில்லை. பக்கத்திலேயே தையல் மெஷின் தடதடவென்று ஓடுவதை அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தீவனம் வாங்கப் போன அன்று கடைக்காரர் கேட்டார்: "கூட வேற சின்ன மீன் விட்டீங்களா? மேல சின்ன மீனுங்க பயமில்லாம நீந்தினாதான் இதுங்களுக்குத் தைரியம் வரும். சத்தமெல்லாம் பெரிய விஷயமில்ல. நீங்க மீன் வாங்கின அடுத்த வாரமே உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்களே, சொல்லலையா?"

டெட்ரா என்கிற எட்டுச் சின்ன மீன்களோடு வீடு திரும்பினார். வாய் திறக்காமல் தொட்டியில் விட்டார். சாயங்காலத்துக்குள் நான்கு சிக்லிட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி உலாவின. அவர் மனைவி பக்கம் திரும்பினார். மூன்று மாதக் குரல் மொத்தமும் நெஞ்சில் திரண்டது.

"உனக்குத் தெரியுமா?"

மாடி ஜன்னல் திறந்தது. மீன்கள் ஓடி ஒளியவில்லை.

அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தாமல், "தெரியும்" என்றாள். "இருபத்தாறு வருஷமா எனக்கு உங்க சத்தம்தான் கேட்டுச்சு. இந்த மூணு மாசமாத்தான் நீங்க பேசறது கேட்டுச்சு. அதுக்குள்ள எப்படிச் சொல்றது?"

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்தப் பெரிசு மண்ணைக் கிளறுது பாரு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில். அவள் மெஷினை விட்டு எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஜோடி தட்டைக் கல்லில் முட்டையிட்டது. அந்தச் செய்தி மட்டும் தெருமுனைவரை கேட்டது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.