பைப்பு வெட்டுகிறவரின் காது

என் வீட்டுக்காரருக்குப் பொறுமைசாலி என்று சுங்குவார்சத்திரத்தில் பெயர். இப்படிப்பட்ட வாய்க்காரியோடு குடித்தனம் நடத்துகிறாரே, கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய மனுஷன் என்று என் காதுபடவே பேசுவார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். 1991-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பொறுமையின் லட்சணம் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரு லேத்துப் பட்டறை. வாரம் முழுக்கப் பம்புசெட்டுக்குப் புஷ்ஷும் டிராக்டருக்குப் போல்ட்டும் கடைவார். அப்போது அவரை நாய்கூட மதிக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ராஸிலிருந்து காரில் பெரிய மனிதர்கள் வந்து இறங்குவார்கள். அதில் ஒருத்தர் பேங்க் மேனேஜர், ஒருத்தர் பல் டாக்டர். ஆள் கை விரித்த நீளத்துக்கு ஒரு பொம்மை விமானம், அதற்குக் கைமுட்டி அளவு இன்ஜின், எல்லாம் சிங்கப்பூர் சரக்கு. வல்லத்துக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில் அதை ரிமோட்டில் பறக்கவிடுவார்கள். அதற்குப் பெட்ரோல் ஆகாதாம். ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டுமாம். வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கிற எண்ணெயில் வானத்துக்கு ஏறப் பார்த்த கூட்டத்தை நான் அங்கேதான் கண்டேன்.

அவர்களுக்கு என் வீட்டுக்காரர் 'வாத்தியார்'. காரணம் அவருடைய காது. இன்ஜினிலிருந்து புகை போக ஒரு நீளப் பைப்பு மாட்டுவார்கள். அதன் நீளம் சரியாக அமைந்தால் இன்ஜினுக்குத் தனி வேகம் வரும். முதலில் நீளமாக மாட்டி, ஓடவிட்டுக் கேட்டு, அணைத்து, ஆக்ஸா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் உறுமல் போய் மெல்லிய குரலில் கிறீச்சென்று எழும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டி வெட்டினால், விமானம் மேலே போனதும் இன்ஜின் சூடேறி அணைந்துவிடும். வெட்டின பைப்பு முடி மாதிரி வளராது. முன்னால் சுழலும் காத்தாடியை முடிவு செய்துவிட்டுத்தான் பைப்பில் கையே வைக்க வேண்டும். பெரிய காத்தாடி என்றால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சாகும், அந்தக் குரல் வரவே வராது. இந்தப் புத்திசாலிகளோ பைப்பை வெட்டி முடித்த பிறகு, டாக்டருடைய காத்தாடி நன்றாயிருக்கிறதே என்று அதை வாங்கி மாட்டுவார்கள். அப்புறம் குய்யோ முறையோ என்று வாத்தியாரிடம் ஓடி வருவார்கள்.

அந்த ஞாயிறு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு ஏரி வழியாக வந்தேன். மேனேஜரின் புது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கிறீச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, இவர் மட்டும் தலையைச் சாய்த்து, இன்னும் குரல் வரவில்லை சார் என்று சொல்லி அணைத்துவிட்டு வெட்டினார். மறுபடியும் வெட்டினார். இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது சொந்தக் காதை நம்பத் தோன்ற வேண்டுமே! வாத்தியார் சொன்னால் சரி. விமானம் ஏறியது. மேலே போனதும் இன்ஜின் பட்டென்று நின்றது. பக்கத்து நெல் வயலில் விமானம் மூக்கு குத்தி விழுந்தது. உடனே எல்லாரும் காத்தாடிமேல் பழியைப் போட்டு, நீளம் அதிகம், முறுக்கு குறைவு என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அந்த நேரம் ஏரிக்குள் மண் அள்ள வந்த லாரி இவருக்குப் பின்னால் ஹாரன் அடித்து அலறியது. இவர் அசையவில்லை. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். முதுகுப் பக்கமாகப் போய் நின்று திட்ட ஆரம்பித்தேன். அவர் அம்மாவைச் சேர்த்தேன், தங்கச்சியைச் சேர்த்தேன், பரம்பரையையே இழுத்தேன். மனுஷன் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முன்னால் வந்து, "காது கேக்குதா, இல்லியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து பேசுவது ரெண்டு மூணு வருஷமாகவே விழவில்லையாம். இப்போது இன்ஜின் குரலும் பிடிபடவில்லையாம். ஓடுகிற இன்ஜினில் காதை வைத்து வைத்துக் கெடுத்துக்கொண்டது.

"உன் வாயப் பாத்துதான் சமாளிச்சிக்கினு கீறேன்" என்றார். "நீ நல்லாத் தொறந்து பேசுவ."

தட்டைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. நான் திட்டியதில் பாதி அவர் முதுகுக்குத்தான் போயிருக்கிறது! அப்புறம் அழுகை வந்தது. காது டாக்டரிடம் போகலாம், மெட்ராஸ்காரர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"தெரிஞ்சா எவன் வருவான்? ஞாயித்துக்கெழம இல்லன்னா நான் வெறும் போல்ட்டு கடையறவன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து, இன்ஜின் ஓடும்போது விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானே போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் வாயைப் பார்ப்பார். 'வெட்டு' என்று உதட்டை அசைப்பேன், அணைத்து வெட்டுவார். 'போதும்' என்பேன், நிறுத்துவார். விளக்கெண்ணெய்ப் புகை எனக்கு, புகழ் அவருக்கு. அதன் பிறகு ஒரு விமானமும் விழவில்லை. அவருக்கு என்ன காது சார் என்று என் எதிரிலேயே மெச்சினார்கள். நான் புருஷனைத் தனியாக விடாத சந்தேகப் பிராணி என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஒருநாள் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கையைக் காட்டி இன்ஜினை அணைக்கச் சொன்னார். இந்தம்மா சும்மா முணுமுணுவென்று வாயை மென்றுகொண்டே இருப்பது வாத்தியார் காதுக்கு இடைஞ்சல், அந்தப் பக்கம் போய் உட்காரட்டும் என்றார். நேர் எதிரில் நின்று சொன்னதால் இவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது. நான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அதற்குள் இவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எனுக்குக் காது கேக்காது சார்" என்றார். "அவதான் கேட்டுச் சொல்றா. அவ இல்லாம என்னால முடியாது."

மேனேஜர் கடகடவென்று சிரித்தார். டாக்டர் தொடையைத் தட்டிக்கொண்டு, கல்யாணம் ஆன எல்லாருக்கும் அந்த வியாதிதான் வாத்தியாரே என்றார். ஏரியே சிரித்தது. பாவிகள், பொண்டாட்டிக்குப் பயந்தவர் சொன்ன ஜோக்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்தால் அவரால் எந்த வாயையும் படிக்க முடியாது. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சிரித்த முகம். மேனேஜர் வேறு தோளில் தட்டிக்கொடுத்தார். எவ்வளவோ நாளாகப் பயந்துகொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார். ஒருத்தரும் அவரை விட்டுப் போகவில்லை. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"பரவாயில்லன்னு சொல்றாங்க" என்றேன்.