இன்னும் இருபது நிமிஷம்

வண்டியை நிறுத்தியதும் சாப்பாட்டுக் கடையின் முன்வாசல் பக்கம் தலைகாட்ட மாட்டார். நேரே பின்பக்கம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது, கூடையில் கிடக்கிற காய் இன்றையதா நேற்றையதா, சமைக்கிறவர் தான் சமைத்ததைத் தானே சாப்பிடுகிறாரா, எல்லாம் பார்த்துவிட்டு அடுப்படி ஜன்னலருகே நின்று ஒரு மூச்சு இழுப்பார். திரும்பி வந்து தலையை ஆட்டினால் இறங்கலாம். உதட்டைப் பிதுக்கினால் வண்டி கிளம்பிவிடும். அந்த மூச்சுக்காகத்தான் டிரைவர்கள் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர் வைத்தார்கள்.

கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்ப்பது என் பிழைப்பு. மாதத்தில் எட்டு நாள் அவருடைய வாடகைக் காரில்தான் சுற்றுவேன். பசி வந்தால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். "எதையாவது போட்டு வயித்தை அடைப்போம்ணே" என்று கெஞ்சுவேன். "வயிறு என்ன குப்பைத் தொட்டியா? சும்மா வா. இன்னும் இருபது நிமிஷம், நல்ல இடம் இருக்கு" என்பார். அந்த இருபது நிமிஷம் சில நாள் ஒரு மணி நேரமாக நீளும். மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்ப்பேன். ஆனால் அவர் காட்டிய இடத்தில் ஒரு வாய் வைத்ததும் கோபம் போன இடம் தெரியாது. டயர் கடைக்குப் பின்னால் ஓர் அம்மாள் பொரித்துத் தந்த ஆற்றுமீனை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற டிரைவர்கள் போனிலேயே கேட்பார்கள். "பாலம் தாண்டியாச்சு, எங்கண்ணே சாப்பிடலாம்?" வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதில் சொல்வார். "நீலக் கேட்டுக்கு எதிர்ல போ. முட்டை கேளு. மீனு வேணாம், இன்னிக்கு அங்க மீனு பழசு." இவ்வளவு பார்க்கிற மனிதர் வீட்டில் தட்டில் விழுந்ததைப் பேசாமல் சாப்பிடுவார். "ரோட்ல போனா இவருக்கு நாக்கு நாலு முழம். வீட்டுக்கு வந்தா இருக்கிற இடம் தெரியாது" என்று அண்ணி கேலி செய்வார்.

போன வருஷம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து மணி நேரம் ஓட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து ஏறிவிட்டால் சாப்பாட்டு வாசனையே ஆகாது. கஞ்சி கூட இறங்காது. ஒருமுறை பேச்சுத்துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒன்பது நாள் அங்கே படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது, காலை பத்து மணி இருக்கும், பின் சீட்டில் படுத்திருந்த அண்ணி எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, பசிக்குதுங்க" என்றார்.

ஒன்பது நாளில் முதல் பசி. அண்ணன் முகம் பூத்துவிட்டது. சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் வேகவைத்த முட்டை. "அதோ, அது போதும்" என்றார் அண்ணி.

"அதைப் போயா உனக்குக் குடுப்பேன்? இன்னும் இருபது நிமிஷம் பொறுத்துக்கம்மா. கோழி சூப்பு, கொதிக்கக் கொதிக்க. உனக்குன்னே வெச்சிருக்கேன் அந்த இடத்தை."

நிறுத்துங்கண்ணே என்று எனக்கு வாய்வரை வந்தது. அந்தச் சூப்பின்மேல் எனக்கும் ஆசை. பேசாமல் இருந்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

இரண்டாவது கடை போனது, மூன்றாவதும் போனது. சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் அவர் பின்பக்கம் ஓடினார், பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஆவி பறக்கிற கிண்ணத்தைக் கார் கதவுக்கே கொண்டுவந்தார். அண்ணி ஒரு கரண்டியை வாயருகே கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டார்.

"போயிடுச்சுங்க. அப்ப இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. தானே தப்புச் செய்ததுபோலச் சொன்னார். அப்புறம் அவர் பசிக்கிறது என்று சொல்லவேயில்லை. அன்றிலிருந்து இருபத்தாறாம் நாள் போய்விட்டார்.

மூக்கண்ணன் மறுபடி வண்டி எடுத்து ஆறு மாதமாகிறது. பின்பக்கம் போவதில்லை. போன் வந்தால், "கண்ணுல எது மொதல்ல படுதோ அங்க சாப்பிடு" என்று வைத்துவிடுகிறார். ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும், சொல்வதில்லை. அவர் காரில் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுகிறேன்.

நேற்று மதியம் வாய் தவறி, "பசிக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவில்லை, வண்டி ஓரத்தில் நின்றது. பெட்ரோல் பங்கை ஒட்டிய பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்தார். தொண்ணூறு கிலோ ஆள் நான். என் பக்கத்துக் கதவைத் திறந்து, பன்னைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, டீயில் நனைத்து, ஊதி, என் வாயருகே நீட்டினார். வாயைத் திறந்தேன். விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.