டெர்மினேட் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

ஆங்கிலத்தில் ஒன்றை முடித்துவைக்கச் சொற்கள் பல. சோற்றை ஃபினிஷ் பண்ணலாம், மழை ஸ்டொப் ஆகலாம். டெர்மினேட் அப்படிப்பட்டது அல்ல. அது கழுத்துப்பட்டி கட்டிய சொல். அதைப் பாவிக்க ஒரு மேசை வேண்டும், மேசைக்குப் பின்னால் கையெழுத்து வைக்க ஓர் ஆளும் வேண்டும். நெடுந்தீவில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கரும்பலகையில் உதாரணமும் எழுதிப்போட்டிருக்கிறேன்: இந்த பஸ் யாழ்ப்பாணத்துடன் டெர்மினேட் ஆகிறது. பஸ்ஸுக்கு ஒன்றும் நோகவில்லை. பிள்ளைகளும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

என்னை வேலைக்கு வைத்திருந்தது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்த வருடம் நிரந்தரமாக்குவோம் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். அந்த வாயை நம்பி நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். ஐம்பத்தொரு வயதில் வேறு யார் எனக்கு வேலை தரப்போகிறார்கள்?

நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கந்தோரில் கடிதத்தைக் கையில் தந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்திருக்கலாம். பொறுமை ஏது? குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு வெளிக்கிட முன்னமே உறையைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது வரியில் அந்தச் சொல் இருந்தது.

முதலில், வேறு யாருடைய கடிதமோ என்று பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். ‘இல்லை’ என்று ஒரு சொல் முன்னால் விடுபட்டிருக்கலாம் என்று தேடினேன். பிறகு காகிதத்தைத் திருப்பி வெறும் பக்கத்தையும் கவனமாக வாசித்தேன். உயிர்காப்பு அங்கியை இரண்டு தரம் கழற்றி இரண்டு தரம் போட்டேன். படகு இன்னும் துறையில்தான் கட்டிக் கிடந்தது.

எங்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் எங்கேயும் ஓட முடியாது என்பதால், ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் அங்கேதான் வெளியே வரும். ஆஸ்பத்திரித் துண்டு, விசாப் படிவம், எல்லாவற்றையும் நான் சத்தமாக வாசித்துப் பொருள் சொல்வேன். கொண்டுவந்தவருக்கு மட்டுமல்ல, படகுக்கே.

எதிரே புண்ணாக்கு மூட்டைமேல் இருந்த மாட்டுக்காரர் விடுவாரா?

“என்ன மாஸ்ரர், கந்தோர்க் கடிதமோ?”

“ஓம்.”

“எங்கட கடிதமெல்லாம் ஊருக்கு வாசிக்கிறீர், உம்மடையை மட்டும் ஒளிக்கிறீர். சத்தமா வாசியும்!”

வாசித்தேன். ஒரு சொல் விடாமல், நல்ல உச்சரிப்போடு. படகு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“டெர்மினேட் எண்டால் என்ன?” பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். புருஷன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறவன்.

“நிரந்தரமாக்கிறது,” என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மாதக்கணக்காக ‘நிரந்தரம்’ என்ற சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தேன். வாய் திறந்ததும் விழுந்துவிட்டது. படகே கை தட்டியது. படகோட்டி கோர்ன் அடித்தான். அந்தப் பெண் தன் பணிஸில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். தின்றேன். மானம் போன பிறகும் பசி இருந்தது.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“ஊருக்கு நீங்கள்தான் சொல்லோணும். என்னாலை ஏலாது,” என்றுவிட்டாள்.

நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாட்களைக் கடத்தினேன். வழியில் வாழ்த்தியவர்களுக்குத் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை, படகில் பணிஸ் தந்த அந்தப் பெண் வீட்டுக்கு ஒரு தட்டில் பயத்தம் பணியாரத்தோடு வந்தாள். முகம் பூரித்திருந்தது. கைத்தொலைபேசியை நீட்டினாள்.

“மாஸ்ரர், என்ரை மனுசன்ரை கொம்பனியும் உங்கட சொல்லையே அனுப்பியிருக்கு! கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினவர். நான் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிச்சனான்.”

பார்த்தேன். அதேதான்.

“அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“போன் எடுத்தவர். அழுதவர். சந்தோசத்திலை கதைக்க ஏலாமல் போச்சுதாக்கும். பிறகு லைன் வெட்டுப்பட்டிட்டுது. நான் மாமியிட்டையும் சொல்லிப்போட்டன், மாதாவுக்கும் நேந்துபோட்டன்.”

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கும் பொருத்தமான உதாரணங்கள் என்னிடம் இருந்திருக்கும். கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“தங்கச்சி, அவரை வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள். அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். என்னையும் நிப்பாட்டித்தான் போட்டாங்கள்.”

அவள் என் கையிலிருந்த தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அப்ப போட்டிலை ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வெக்கத்திலை.”

“அவர் அங்கை தனிய நிண்டு அழ, நான் இஞ்சை பயறு வறுத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்,” என்றாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். படலையைத் தாண்ட முன்னமே தொலைபேசியைக் காதில் வைத்துவிட்டாள்.

அடுத்த முறை நான் படகில் ஏறுவதற்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு இடம் விட்டார்கள். மாட்டுக்காரர், “இரும் மாஸ்ரர்,” என்றார். அவர் கையில் ஆங்கிலத்தில் ஏதோ ஆஸ்பத்திரித் துண்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒருவரும் என்னிடம் ஒன்றும் நீட்டவில்லை.