குடிக்காத தண்ணீர்

மகளுக்குப் பெங்களூரில் வேலை. விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு மலையேறக் கிளம்பிவிடுவாள். கோலார் மலை நம் வீட்டுப் பக்கம்தானே, இந்த முறை நீயும் வரணும் என்று பிடிவாதம் பிடித்து, அதற்காகவே என்னை மலையேறும் சாமான் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள்.

கடையில் என் முதுகை அளந்தார்கள். ஒரு முதுகுப்பைக்குள் எடைக்காக மணல் பொட்டலங்களைப் போட்டு மாட்டிவிட்டார்கள். இடுப்புப் பட்டையை இறுக்கியதும் தோளில் பாரமே தெரியவில்லை. நெஞ்சுப் பட்டையை மாட்டக் கடைக்காரர் கை நீட்டியபோது நான் கூசி ஒதுங்கினேன், மகள்தான் மாட்டிவிட்டாள். பிறகு குழாய் வைத்த தண்ணீர்ப் பை ஒன்றைக் காட்டினார். அது முதுகுப்பைக்குள் முதுகோடு ஒட்டி இருக்கும். குழாயின் நுனியைக் கடித்து உறிஞ்சினால் நடந்துகொண்டே குடிக்கலாம்.

"ரெண்டு லிட்டரா? சின்னது இல்லியா?" என்றேன்.

"வெயில்ல இதுவே பத்தாதும்மா."

எடைக்குப் பயந்து கேட்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் வேலைக்குப் போகக் காலை ரயில் ஏறினால் வீடு திரும்பும்வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. ரயிலில் நகரவே இடமிருக்காது. நான் வேலை செய்யும் தையல் கம்பெனியில் பாத்ரூமுக்கு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். உடம்பு அப்படியே பழகிவிட்டது. மலையில் எங்கே போவது? அதைக் கேட்க வாய் வரவில்லை.

மலைக்கு வந்தவர்களில் ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். மகள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். உறிஞ்சவில்லை. வெயில் ஏறிப் பாறை சுட்டது. மலைமேல் இருக்கும் குகைக்குச் சற்று முன்னால் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

மகள் ஓடிவந்து பையைக் கழற்றினாள். தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா இது? தண்ணி அப்டியே கீது! குழாய் அடச்சிக்கிச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய நண்பன் ஒருவன் நுனியை அமுக்கிப் பார்த்தான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆன்ட்டி குடிக்கவே இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளைக் கிட்டே இழுத்துக் காரணத்தைக் காதில் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"இத முன்னாடியே கேட்டிருக்கலாம்ல? நாங்க மட்டும் இன்னா பண்றோம்? பாறைக்கு அந்தாண்ட போவோம், ஒருத்தி காவல் நிப்பா. அவ்ளோதான்."

உறிஞ்சினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக, ரப்பர் வாடையோடு இருந்தது. அதன்பிறகு நின்ற இடத்திலெல்லாம் பிள்ளைகள் அக்கறையாக, "ஆன்ட்டி, தண்ணி!" என்று குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் எரிந்தது.

இறங்கும்போது அடக்க முடியவில்லை. மகளின் கையைத் தொட்டேன். அவள் எதுவும் கேட்காமல் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, ஒரு பாறையருகே துப்பட்டாவை விரித்துப் பிடித்து முதுகைக் காட்டி நின்றாள்.

"மெதுவா வாம்மா. யாரும் இல்ல."

குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவள் பின்னாலேயே இறங்கினேன்.

வீட்டில் கணவர், "தண்ணி பத்துச்சா?" என்று கேட்டார்.

"பத்துச்சு," என்றேன். மகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.