ஆய்வறிக்கையில் இருந்த என் கைகள்

காப்புரிமை ஆபீஸின் ஆய்வறிக்கை வந்திருக்கிறது என்று மதுரையிலிருந்து வக்கீலம்மா போன் செய்தபோது நான் கடையில் எரிந்த காயில் ஒன்றின் கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கரி. மெயிலில் அனுப்பியிருப்பதாகவும், முதலில் இரண்டாவது ஆட்சேபணையைப் படிக்கும்படியும் சொன்னார். அவர் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

எங்கள் கடை நாகல் நகர்ப் பக்கம். மோட்டார் வைண்டிங், ஸ்டார்ட்டர் ரிப்பேர். போர்டில் என் கணவர் பெயர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவரோடு உட்கார்ந்து கம்பி சுற்றுகிறேன். ஆனாலும் கன்னிவாடியிலிருந்தும் சித்தையன்கோட்டையிலிருந்தும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, "அண்ணன் இல்லியாக்கா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறேனே நான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வந்துருவாரு, உக்காருங்க என்பேன். அவர் வருவதற்குள் வேலையை முடித்துக் கொடுத்திருப்பேன். அப்போதும், அண்ணன்கிட்டச் சொல்லிருங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காயில் இருக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினதும் அது காந்தமாகி, மோட்டாருக்குக் கரண்ட் போகிற முனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் பலவீனமாக வந்தால் முழுசாக இழுக்க முடியாது. தடதடவென்று அடித்துக்கொண்டே சூடேறி எரிந்துவிடும். கோடையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது அன்றாடக் கதை. வெங்காயம் வாடிக்கொண்டிருக்க, ஒரே ஆள் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எரிந்த காயில்களைப் பிரித்துப் பிரித்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லாமே உள்பக்கத்தில்தான் முதலில் கருகியிருந்தன. சூடு வெளியே போக வழியில்லை. உள்ளே கொஞ்சம் தடித்த கம்பி, வெளியே மெல்லிய கம்பி என்று இரண்டாகப் பிரித்துச் சுற்றினேன். இரண்டுக்கும் நடுவில் இன்சுலேஷன் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து வைத்தேன். அந்த மடிப்புகள் வழியாகச் சூடு வெளியேறும். இரண்டு கம்பிகளும் சேருகிற பற்றவைப்பையும் அதே மடிப்புக்குள் கொண்டுபோனேன். சரியாக வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒன்று வந்தது. எவ்வளவு கரண்ட் குறைந்தாலும் சூடேறியது, ஆனால் எரியவில்லை.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற சார் ஒருவர் கல்லூரி மோட்டார்களை எங்களிடம்தான் தருவார். சில மாதம் கழித்து அவர் அந்தக் காயிலைப் பார்த்துவிட்டு, இதைக் காப்புரிமைக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்களே என்று கடிந்துகொண்டார். வக்கீலம்மாவைக் காட்டியதும் அவர்தான். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள். என் பெயர் மட்டும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். அதற்குள் என் வலது கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. இன்னும் ரொம்ப நாளைக்குக் கம்பி சுற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டார்ட்டர் செய்கிற கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, காப்புரிமை கிடைத்தால் பேசலாம் என்றது. விரல் போவதற்குள் அந்தக் காகிதம் வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஜெபம்.

ஆய்வறிக்கையின் முதல் ஆட்சேபணை ஒரு பழைய வெளிநாட்டுக் காப்புரிமை. இரண்டு தடிமனில் கம்பி சுற்றுவதை யாரோ என்றைக்கோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் விசிறி மடிப்பு இல்லை, அதனால் பயமில்லை என்று வக்கீலம்மா போனிலேயே சொல்லியிருந்தார். இரண்டாவது ஆட்சேபணை ஒரு யூடியூப் வீடியோ. அதிலிருந்து எடுத்த நான்கு படங்களையும் அறிக்கையில் ஒட்டியிருந்தார்கள். முதல் படத்தில் இரண்டு கைகள் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தன. இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு.

என் கைகள்.

வீடியோவின் தலைப்பு, 'எங்க வீட்டம்மா கண்டுபிடிச்ச காயில்'. விண்ணப்பம் போடுவதற்கு ஏழு மாதம் முன்னால் ஏற்றியது. ஏற்றியவர் என் கணவர்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உலகத்துக்குக் காட்டிவிட்ட ஒன்றைப் புதுசு என்று சட்டம் ஒத்துக்கொள்ளாது. காட்டியது நாமே ஆனாலும் அப்படித்தான். இதை வக்கீலம்மா முதல் நாளே கேட்டிருந்தார், எங்கேயாவது வெளியிட்டீர்களா என்று. இல்லை என்று அடித்துச் சொன்னவள் நான். அன்றைக்கு என் கணவர் என்னோடு வரவில்லை, கடையில் ஆள் வேண்டுமென்று இருந்துவிட்டார்.

போனை அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. நமக்குத் தெரிந்த நாலு பேர் பார்ப்பார்கள் என்று போட்டேன், அப்புறம் மறந்தே போனேன் என்றார். நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை விட்டேன். சோறு போட்டேன், வெஞ்சனம் வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சர்ச்சுப் பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மனசுக்குள் மட்டும் ஓயாமல் பேசினேன். போர்டில் உங்க பேரு, பில்லில் உங்க பேரு, எனக்கென்று வர இருந்த ஒண்ணையும் நீங்களே கெடுத்துட்டீங்களே என்று.

பதில் கொடுக்க ஆறு மாதம். ஒவ்வொரு வாரமும் வக்கீலம்மாவுக்கு ஏதாவது ஒரு யோசனை தோன்றும், வார முடிவில் அது செத்துப்போகும். வீடியோவில் தெரியாத அம்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பதினோரு நிமிஷ வீடியோ அது. மடிப்பு, அளவு, பற்றவைப்பை உள்ளே செருகுகிற விதம் எல்லாம் ஐந்தாவது நிமிஷத்துக்குள்ளேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் வார்னிஷ் காய்வதும் ஃபேன் சத்தமும்தான். என்னால் பார்க்க முடியவில்லை, அணைத்துவிட்டேன். ஒன்றும் மறையவில்லை என்று அவருக்குச் சொன்னேன். புதிதாக ஏதாவது சேர்க்கலாமா என்றேன். முதலில் எழுதியதில் இல்லாததை இப்போது சேர்க்க முடியாதாம்.

அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் போனது, பசி போனது. காயில் சுற்ற உட்கார்ந்தால் சுற்று எண்ணிக்கை தப்பும். தப்பினதைப் பிரித்து மறுபடி சுற்றுவேன், மறுபடி தப்பும். ஒருநாள் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் ஸ்டார்ட்டரோடு வந்து, அண்ணன் இல்லையா என்று முன்னால் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

கெடு முடியப் போகும்போது வக்கீலம்மா கடைசி வழி ஒன்று சொன்னார். கண்டுபிடித்தவரின் சம்மதம் இல்லாமல் வேறொருவர் வெளியிட்டிருந்தால், அது விண்ணப்பத்தைப் பாதிக்காது. உங்களுக்குத் தெரியாமல் அவர் போட்டார் என்பதுதானே உண்மை, அதை இரண்டு பேரும் சத்தியப் பிரமாணமாகக் கொடுங்கள் என்றார்.

அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் அவரிடம் பேசினேன். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவர் என்னைச் செத்த நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "திருடிப் போட்டேன்னுகூட எழுதச் சொல்லு. போடுறேன்" என்றார்.

நோட்டரி ஆபீஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். அவர் என் முகத்தைப் பார்க்காமலே போட்டார். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விசாரணை வீடியோ கான்ஃபரன்ஸில். கடையை மூடிவிட்டு வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரையின் ஒரு கட்டத்தில் சென்னை அதிகாரி, ஒரு மூத்த பெண்மணி. இன்னொன்றில் எங்கள் வக்கீலம்மா. அரைமணி நேரம் இங்கிலீஷில் சட்டப் பிரிவுகள் பேசினார்கள். பழைய வெளிநாட்டுக் காப்புரிமை பற்றிய ஆட்சேபணையை அதிகாரி பெரிதாக வலியுறுத்தவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு சம்மதம் பற்றிய பிரமாணத்துக்கு வந்தார். ஒரு சந்தேகம் என்று சொல்லி, வீடியோவின் கடைசிப் பகுதியைத் திரையில் ஓடவிட்டார்.

பதினோராவது நிமிஷம். வார்னிஷ் பூசிய காயில் மேஜையில் காய்கிறது. ஃபேன் சத்தம். அதற்கு மேலாக ஒரு பெண் குரல், சிரிப்போடு:

"கை மறைக்காம எடுத்தீங்களா? யூடியூப்ல போட்டு, நம்ம வைண்டிங் ஆளுகளுக்கெல்லாம் அனுப்பி விடுங்க. பாத்துச் செய்யட்டும், எத்தன காயில்தான் எரியும்."

முதலில் அது யாரென்றே எனக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு சந்தோஷமான குரல் அது. பிறகு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கோடை, கடை வாசலில் வரிசையாக ஸ்டார்ட்டர் பெட்டிகள், எத்தனை சுற்றினாலும் மாளாத வேலை. காப்புரிமை என்ற சொல்லே அன்றைக்கு எனக்குத் தெரியாது. சொன்னேன், அடுத்த பெட்டியைத் திறந்தேன், மறந்தேன்.

பக்கத்தில் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அதிகாரி தமிழில் கேட்டார். "இது யார் குரல்ம்மா?"

வக்கீலம்மா குறுக்கிட்டு, குரலை அடையாளம் காண அவகாசம் வேண்டும், எழுத்தில் பதில் தருகிறோம் என்றார். அதிகாரி சரி என்று தலையசைத்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடைக்கு வந்துபோகிற யாரோ ஒரு பெண் என்று எழுதிக்கொடுத்திருக்கலாம். யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? அந்தச் சில நொடிகளில் நான் அதைத்தான் யோசித்தேன், மறைக்கவில்லை. பீரோவில் இருந்த காகிதம் கண்ணில் வந்தது. மரத்துப்போன விரலை மற்ற கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாக என் பக்கம் குனிந்து, மைக்கில் விழாத குரலில், "என் தங்கச்சி குரல்னு சொல்லிரு" என்றார்.

அவருக்குத் தங்கையே கிடையாது.

"என் குரல்தாங்க மேடம்" என்றேன். "நான்தான் போடச் சொல்லிருக்கேன். ஞாபகம் இல்லாம கையெழுத்துப் போட்டுட்டேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். நிமிர்ந்து பார்த்து, நல்ல காயில்ம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு விசாரணையை முடித்தார். அன்றே பிரமாணங்களைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தோம்.

திரை இருண்டதும் அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன். "இத்தன மாசமும் நான் பேசாம இருந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல. நீதாண்டி போடச் சொன்னேன்னு."

"நீ மறந்துட்ட. ஒருத்தர் மேல தப்பு இருந்தாப் போதும்னு விட்டேன்" என்றார்.

"என்னையப் பொய்ச் சத்தியம் பண்ண விட்டுட்டீங்களே."

"நீ தெரியாமத்தான சொன்னே. தெரிஞ்சு பொய் சொன்னது நான். அத ஃபாதர்கிட்டச் சொல்லிக்கிறேன்."

கோபம்தான் வந்தது எனக்கு. ஆறு மாதம் அவரைப் பட்டினி போடாத குறையாக வதைத்திருக்கிறேன், அவர் வாய் திறக்காமல் வாங்கியிருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கட்டைவிரலை நீவிவிட்டார். கையை இழுத்துக்கொள்ள நினைத்தேன், இழுக்கவில்லை.

நிராகரிப்பு உத்தரவு சில வாரத்தில் வந்தது. கோயம்புத்தூர் கம்பெனிக்குச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார்கள், அதோடு சரி. பதினைந்து நாள் நான் கடைப்பக்கம் போகவில்லை. வீட்டில் இருந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே, எதற்காக இன்னும் சோறு வடிக்கிறோம் என்று தோன்றியது. அந்த நினைப்பு என்னை மிகவும் பயமுறுத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு அவரோடு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் இருந்தது. ஹைகோர்ட்டில் போடலாம், ஆனால் நீங்களே ஒத்துக்கொண்ட பிறகு எதை வைத்து வாதாடுவது என்றார் வக்கீலம்மா. கோபத்தில் சொல்லவில்லை. போட வேண்டாம் என்று ஒருநாள் நினைப்பேன், மறுநாள் அவருக்குப் போன் செய்து மறுபடி கேட்பேன். அவரும் பொறுமையாக அதே பதிலைச் சொல்வார்.

கெடுவின் கடைசி நாளன்று கன்னிவாடிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் இருந்தோம். மோட்டார் கொட்டகையில் புது ஸ்டார்ட்டர் மாட்டுகிற வேலை. நான் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள, அவர் முடுக்கினார். என்ன தேதி என்று நான் சொல்லவில்லை.

"இன்னியோட முடியுதுல்ல?" என்றார் அவர், திரும்பாமலே.

"அஞ்சு மணி வரைக்கும் இருக்கு" என்றேன்.

அவர் மணி பார்த்தார். மூன்றரை. அடுத்த ஸ்க்ரூவுக்காகக் கையை நீட்டினார், எடுத்துக் கொடுத்தேன்.