நாய்க்கு எறிந்த ஈரல்

மனைவியின் ஈரலில் பெரிய நீர்க்கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: யாரோ இவளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

"இது நாயின்ர குடலில இருக்கிற நாடாப்புழு," என்றார் டொக்டர். "நீர்க்கட்டி உள்ள ஈரலைத் திண்ட நாய்க்கு அது வரும். அந்த நாயின்ர மலத்தில இருக்கிற முட்டை மனிசரின்ர வாய்க்குள்ள போனால் இப்பிடித்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் ஆளைத் தீர்மானித்துவிட்டேன். எங்கள் வீட்டு முன்னறைதான் என் மாட்டிறைச்சிக் கடை. பக்கத்து வளவில், அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவரின் ஆட்டிறைச்சிக் கடை. கட்டி விழுந்து பழுதான ஈரலை அவர் பின்பக்கம் நாய்களுக்கு எறிவார். அந்த நாய்களுக்குத்தான் என் மனைவி சோறு வைப்பாள், தடவிக் கொடுப்பாள். நானும் எறிகிறவன்தான். அது அப்போது மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் அடித்திருப்பேன்.

"என்ட பொண்டாட்டியக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்று நானாவின் கடைக்குள் ஏறிக் கேட்டேன். பதில் சொல்ல வாய் திறந்தார். அந்த வாயிலேயே குத்தினேன். இரண்டு பல் தெறித்தது. விழுந்தவரை மிதித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னை இழுத்தார்கள். வெட்கம் வரவில்லை, நெஞ்சு ஆறியது. நானா பொலிசுக்கும் போகவில்லை. "பொண்டாட்டிக்கு வருத்தம், பாவம், விசர் புடிச்சிட்டு," என்று சொன்னாராம். அதைக் கேட்டு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒப்பரேசன் செய்து அவள் பிழைத்தாள். கட்டியின் துண்டைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கண்ணுக்கு எல்லாப் புழுவும் ஒன்றுதான், மரபணுவைப் பார்த்தால்தான் எந்த மிருகத்துக்குள் வளர்கிற வகை என்று தெரியுமாம். ஆடு என்று எழுதி வரட்டும், அதை நானாவின் முகத்தில் எறியலாம் என்று காத்திருந்தேன்.

"ஆட்டு வகை இல்ல," என்றார் டொக்டர், தாளைப் பார்த்தபடி. "மாட்டு வகை."

எங்கள் தெருவில் மாடு வெட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

நேரே நானாவின் கடைக்குப் போனேன். "நான் எறிஞ்ச ஈரல்தான் நானா. அடியுங்க," என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"என்ட மகளும் அந்த நாயளோடதான் வளர்ந்தவ," என்றார். "ரெண்டு மாசமா விலாவுக்குக் கீழ நோகுதெண்டு சொல்றா."

பிறகு அடித்தார். நான் கையை உயர்த்தவில்லை.